தூள் அடைத்த முட்டை

கரம்பொன்,
ஊர்காவற்றுறை.
14.09.2024

அன்பு மகன் கீர்த்திகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் ரூபியும் இங்கு இருக்கிறோம். நீ அங்கு வெயிலில் கருகாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க நயினை அம்மாளை வேண்டுகிறேன்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. வீட்டில் இருப்பது ஒரு போன், அதுவும் உன் மனுசி ரூபியின் போன். அவள் பக்கத்தில் நிற்க, அவளைப் பற்றி நான் என்னத்தைக் கதைக்கிறது? நீயும் எடுத்தால் மழை பெய்ததா, கறண்ட் நிற்கிறதா என்று கேட்பாய். அவள் வாயைத் திறக்கிற நேரம் பார்த்து சிக்னல் இல்லை அம்மா என்று வைத்துவிடுவாய். கட்டாரில் சிக்னல் இல்லையாம்! யாருடைய காதில் பூச்சுற்றுகிறாய்?

முதலில் கோழிப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. ரூபியின் பிள்ளைப்பேற்றுப் பத்தியத்துக்கென்று நீ செய்வித்த கூடுதானே, அதில் புள்ளிக்கோழியை அடை வைத்திருந்தேன். பனையோலைக் கடகத்தில் வைக்கோல் போட்டு, இடி முழங்கினால் முட்டை கூழாகாமல் இருக்க ஆணியும் கரித்துண்டும் போட்டு, எல்லாம் முறைப்படிதான் செய்தேன். குஞ்சு பொரிக்க ஒன்றிரண்டு நாள்தான் இருந்தது. நேற்றுப் பின்னேரம் போய்ப் பார்த்தால் அத்தனையும் உடைந்து கிடக்கிறது. உள்ளே முழுக் குஞ்சு, சொண்டு, நகம், நனைந்த மயிர், எல்லாம் வளர்ந்து முடிந்த குஞ்சு. ஒன்றிலும் உயிர் இல்லை. புள்ளி கடகத்தைச் சுற்றிச் சுற்றிக் கேருகிறது. அந்தச் சத்தம் கேட்க ஏலாமல் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

எந்த அறுவான் செய்த வேலை என்றுதான் விளங்கவில்லை. மரநாய் என்றால் கோழியின் கழுத்தையல்லவா கடித்திருக்கும். சாரைப்பாம்பு முட்டையை முழுதாக விழுங்கும். கீரி உடைத்துக் குடிக்கும். இது உடைத்ததோடு சரி, ஒரு குஞ்சைக்கூடத் தின்னவில்லை. முட்டைக் கோதும் சிதறவில்லை, பருத்த பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்தது போல இருக்கிறது. பக்கத்து வளவு மாக்கிறேற் வந்து பார்த்துவிட்டுக் காகமாக்கும் என்றாள். கூட்டுக்குக் கொளுக்கி போட்டிருக்கிறது, உங்கட மாதா கோயில் காகம் கொளுக்கி கழட்டுமோ என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு போனவள், இருட்டுவதற்குள் ஒரு சட்டி மீன்குழம்போடு திரும்பி வந்தாள்.

இனி ரூபி. என்னத்தை எழுத. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழும்புகிறாள். பால் கட்டி நெஞ்சு நோகுது என்று ஆடியில் துடித்தாளே, மல்லிகைப் பூ வைத்துக் கட்டிக் கட்டி அது வற்றிவிட்டது. ஆசுப்பத்திரியில் இருந்து வந்த நாளிலிருந்து பிள்ளையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. பெண்பிள்ளை என்று மட்டும் அவளுக்குத் தெரியும். நாங்களும் வேறு எதுவும் சொல்லவில்லை. வயிற்றிலேயே போன பிள்ளைக்கு எங்கள் வழக்கத்தில் பேரும் இல்லை, எட்டுச் சடங்கும் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் இல்லை. மயில்வாகனம் சித்தப்பா கொண்டுபோய் மண்ணில் தாட்டுவிட்டு வந்து தலை முழுகினார், அதோடு முடிந்தது. தாய்க்குக் காட்ட வேண்டாம், பார்த்தால் மறக்கமாட்டாள் என்று அவர் சொன்னார், நீயும் போனில் அதையே சொன்னாய். பார்க்காததை மறக்கலாம் என்று நானும் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

கோழிக்கூட்டுப் பக்கம் மட்டும் அவளை நான் விடுவதில்லை. பிள்ளைத் துடக்குக் கழிந்துவிட்டதுதான். ஆனாலும் வெறும் மடியோடு வந்தவளின் கண் அடைமுட்டையில் படக்கூடாது என்று ஊரில் ஒரு கதை இருக்கிறதல்லவா. நாலு சனம் வாயில் போட்டு மெல்லும். அவளுக்கு அந்தப் பழி வேண்டாம் என்றுதான் சொன்னேன். சரி மாமி என்று தலையை ஆட்டினாள்.

பிள்ளை பிறக்கும்போது வர லீவு தரவில்லை என்றாய். பிறகு லீவு கிடைத்தும் ரிக்கற்றை மாற்றிவிட்டாய். எப்போது வருகிறாய் என்பதைத் தெரியப்படுத்து.

உங்கள் இருவரையும் அம்மாள் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னபூரணம்


கரம்பொன்,
13.10.2024

அன்பு மகனுக்கு,

உன் அம்மா எழுதுவது. கடிதம் கிடைத்தது என்று போனில் சொன்னாய். எல்லாவற்றையும் வாசித்துவிட்டு நீ சொன்ன மறுமொழி, உந்தக் கோழிகளை வித்துப்போட்டு இருங்கோ அம்மா என்பது. நல்லாயிருக்கிறது! கோழியைப் பற்றி மட்டுமா நான் எழுதினேன்? எப்போது வருகிறாய் என்றதற்கு, இனி வந்து என்ன செய்யிறது என்றாய். ரூபி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். நீ சொன்னதை அவள் கேட்டாள். கேட்டுவிட்டுப் போய் வாளியை எடுத்துக்கொண்டு பூமரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். அன்று மழை பெய்துகொண்டிருந்தது.

உன்னை ஏசுவதற்குத்தான் பேனையை எடுத்தேன், அதைவிடப் புதினம் ஒன்று இருக்கிறது. கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

புள்ளிக்குப் பிறகு கறுப்பியை அடை வைத்தேன். இந்த முறை சும்மா விடவில்லை. ஜெயரூபன் லீவில் வந்து நிற்கிறான், உன்னோடு கட்டாரில் ஒரே காம்பில் இருப்பவன்தானே, அவனைப் பிடித்துக் கம்பிவலையில் ஒரு பொறி செய்வித்தேன். அதில் முதல்நாளே விழுந்தது மாக்கிறேற்றின் பூனை. அது போட்ட கூச்சலில் றோட்டால் போன சனமெல்லாம் படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தது. மாக்கிறேற் வந்து, என்ரை பூனை மீன்தலை தவிர வேறொண்டும் தின்னாது, அதுக்கு முட்டைக் கள்ளன் எண்ட பேரோ என்று ஒரு பாட்டம் பேசிவிட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். ரூபி கதவு நிலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வருமாக்கும் என்று திரும்பிப் பார்த்தேன், வரவில்லை.

பொரிக்கிற நாள் கிட்டவர மறுபடி தொடங்கியது. ஒரு முட்டை போனது, அடுத்தநாள் இன்னொன்று. அதே மாதிரி, பருத்த பக்கம் கிள்ளியபடி. பொறியில் ஒன்றும் விழவில்லை. உடனே எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு புது முட்டையில் துளை போட்டு உள்ளே இருப்பதை ஊதி எடுத்துவிட்டு, வறுத்து இடித்த மிளகாய்த் தூளை அதற்குள் அடைத்து, மாப்பசையால் மூடி, மற்ற முட்டைகளோடு கறுப்பிக்குக் கீழே வைத்தேன். வாயை வைத்தாலென்ன, மூக்கை வைத்தாலென்ன, பிறகு இந்த வளவுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது.

அடுத்தநாள் கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், தூள் முட்டை உடைந்து கடகமெல்லாம் சிவப்பாகக் கிடக்கிறது. எனக்கு வந்த சந்தோசத்தைக் கேட்கவேண்டாம். மாக்கிறேற்றை வேலிக்கு மேலால் கூப்பிட்டுச் சொன்னேன். ஆனால் பார், என் கெட்டித்தனம் எனக்கே வினையாகிப் போனது. தூள் மணத்துக்குக் கறுப்பி தும்மிக்கொண்டு அடையை விட்டு எழும்பியது, திரும்ப உட்காரவே இல்லை. மிச்ச முட்டையெல்லாம் குளிர்ந்து வீணாகிவிட்டது. மாக்கிறேற் வந்து கடகத்தைப் பார்த்துவிட்டு, பூரணமக்கா, எனக்கெண்டால் உது வாய் வைச்ச வேலையாத் தெரியேல்லை, கை வைச்ச வேலை என்றாள். யாருடைய கை? இந்த ஊரில் எனக்கு யார் பகை? அவளுக்கு விசர் என்று விட்டுவிட்டேன்.

ரூபி அப்படியேதான் இருக்கிறாள். அன்று நான் கோயிலால் வந்தபோது கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவிக் கழுவி நின்றாள். கண் இரண்டும் கோவைப்பழம், இமை வீங்கித் திறக்க ஏலாமல் இருந்தது. இன்னும் எவ்வளவு காலத்துக்குப் பிள்ளை அழப்போறாய், கண்ணும் போய்விட்டால் நான் உன்னையும் கையில பிடிச்சுக்கொண்டு திரியிறதோ என்று ஏசிவிட்டேன். முந்தானையை நனைத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு போய்ப் படுத்தாள். அன்று முழுதும் சாப்பிடவில்லை.

மழை தொடங்கிவிட்டது. பண்ணைப் பாலத்தால் பஸ் நேரத்துக்கு வருவதில்லை. நீ அங்கு சுகமாக இரு.

உங்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம்.

அம்மா


கரம்பொன்,
17.11.2024

என் ராசாவுக்கு,

இதைத் தபாலில் போட மனம் வரவில்லை. ஜெயரூபன் நாளைக்குப் புறப்படுகிறான். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ வாசித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கித்தான் தருகிறேன். வேலையால் வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வாசி.

முட்டை உடைத்தது யார் என்று தெரிந்துவிட்டது.

மூன்று நாளைக்கு முன் பிறசர்க் குளிசை எடுக்க ஊர்காவற்றுறைக்கு வெளிக்கிட்டேன். சந்தியில் நின்று கால் கடுத்ததுதான் மிச்சம், பஸ் வரவில்லை. பத்தரை மணியளவில் திரும்பிப் பின்படலையால் வந்தேன். கோழிக்கூட்டுக் கதவு திறந்து கிடந்தது. ஒரு தடியை எடுத்துக்கொண்டு மெல்லமாகப் போனேன், இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடிக்கிறது என்று.

உள்ளே ரூபி இருந்தாள், கீர்த்தி. எச்சத்துக்குள் சம்மாணம் கட்டி இருந்தாள். இந்த முறை அடை வைத்த சிவலைக்கோழி அவளுடைய கையைக் கொத்திக்கொண்டு நிற்கிறது, அவளுக்கு அது தெரியவே இல்லை. ஒரு முட்டையைக் காதோடு வைத்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். மடியில் நீ கட்டாரில் இருந்து அனுப்பிய சின்னத் தொப்பி விரித்தபடி இருந்தது. நான் அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்த தொப்பி.

என்னைக் கண்டு அவள் திடுக்கிடவில்லை. சத்தம் போடாதேங்கோ மாமி, உள்ளுக்கை கத்துது, இப்ப எடுக்காட்டி மூச்சு முட்டிப்போம் என்றாள். சொல்லிக்கொண்டே நகத்தால் கோதைக் கிள்ளத் தொடங்கினாள்.

தடியைக் கீழே போட்டேன், ஆசுப்பத்திரி நினைவுக்கு வந்தது. வாட்டில் பக்கத்துக் கட்டில்காரியின் தாய் ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் முந்தி எடுத்திருந்தால் பிள்ளை தப்பியிருக்கும் என்று அவள் ரூபியிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. டொக்டர் வந்து, கொடி சுற்றின பிள்ளை, ஒருவரும் பிழை விடவில்லை, முன்கூட்டி யாருக்கும் தெரிந்திருக்காது என்று எவ்வளவு பக்குவமாகச் சொன்னார். அது இவள் மனதில் ஏறவில்லை. அந்த மனுசி வாய்க்கு வந்தபடி சொன்னது ஏறிவிட்டது. ஒரு நாள் முந்தி. அதுதான் ஒவ்வொரு முறையும் பொரிக்கிற நாளுக்கு முந்தி, நான் இல்லாத நேரம் பார்த்து, அவள் குஞ்சுகளைக் காப்பாற்றப் போயிருக்கிறாள். நேரம் வராமல் கோதை உடைத்தால் இரத்தம் ஓடிக் குஞ்சு செத்துப்போகும் என்று அவளுக்கு யார் சொன்னது? கூட்டுப் பக்கம் வராதே என்று மட்டும்தானே நான் சொன்னேன். ஊர்க்கதைக்குப் பயந்து அவளை விலத்தி வைத்தேன், அவளும் எனக்குத் தெரியாமல் வந்துபோனாள்.

தூள் முட்டையைப் பற்றிக் கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. எல்லாத்தையும் காதில வைச்சுப் பாத்தன் மாமி, அதுக்குள்ள மட்டும் ஒரு சத்தமும் இல்லை, அதுதான் அதை முதல் திறந்தனான் என்றாள்.

ஐயோ என் பிள்ளை. அந்தத் தூள் இவளுடைய கண்ணில் அல்லவா கொட்டியிருக்கிறது. அந்தக் கண்ணைக் கழுவிக்கொண்டு நின்றவளையா நான் அழுகிறாய் என்று ஏசினேன். அவளும் ஏச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாளே ஒழிய, மாமி உங்கட தூள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நானும் அவளோடு அந்த எச்சத்துக்குள் இருந்துவிட்டேன். அவளைக் கட்டிப் பிடித்தேன். உனக்குத் தெரியும், இந்தக் கலியாணத்துக்கு நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தவள். அவள் இந்த வீட்டுக்கு வந்து இவ்வளவு காலத்தில் அன்றைக்குத்தான் அவளைத் தொட்டு அணைத்திருக்கிறேன். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, முடி இருந்ததோ மாமி என்று கேட்டாள். முதல் எனக்கு விளங்கவில்லை. பிள்ளைக்கோ என்றேன். ஓம் என்றாள். இருந்தது, நிறைய இருந்தது, கறுகறுவென்று நெற்றிவரை இருந்தது என்று சொன்னேன். ஆற்றை சாடை, உங்கட மகன்ரையோ என்ரையோ என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ராசா. சித்தப்பா துணியை விலக்கிக் காட்டியபோது நான் அழுதுகொண்டிருந்தேன், கண்ணீருக்குள்ளால் எதைப் பார்த்தேன். மூக்கு எப்படி, கை எப்படி, ஒன்றும் சொல்ல ஏலாமல் இருந்தேன். அவள் விடாமல் கேட்டாள். எந்தப் பக்கம் தலை வைத்துத் தாட்டது என்று கேட்டாள். இந்த மூன்று மாதமும் கேட்காமல் வைத்திருந்த அவ்வளவையும் அந்தக் கோழிக்கூட்டுக்குள் இருந்து கேட்டாள்.

பார்க்காததை மறக்கலாம் என்று எழுதியிருந்தேனே. மறக்கிறதுக்கும் ஒரு முகம் வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

வேலணைக்குப் போய் மயில்வாகனம் சித்தப்பாவிடம் சொன்னேன். பிள்ளையைத் தாட்ட இடத்தைத் தாய்க்குக் காட்டுறதோ, எங்கட ஆக்களில் எங்கே அந்த வழக்கம் என்று துள்ளினார். வழக்கம் பார்த்து இருக்கிறவளையும் மண் தின்னக் குடுக்கப்போறீரோ என்று நானும் விடவில்லை. கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு சம்மதித்தார். வெள்ளிக்கிழமை மூன்று பேரும் போனோம். பனை வடலிக்குப் பக்கத்தில் ஒரு கல்லு வைத்திருந்தார் மனுசன், எங்களுக்கு இவ்வளவு நாளும் சொல்லவில்லை. ரூபி அந்தக் கல்லில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். சித்தப்பா வெயிலுக்குள் குடையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றார்.

மிச்ச முட்டைகளை அவளிடமே பொறுப்பாகக் கொடுத்தேன். சருவச்சட்டியில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வைத்து, அதில் முட்டையை விட்டுக் காட்டினேன். உயிர் இருக்கிற முட்டை மிதந்து ஆடும். நாங்கள் தொடக்கூடாது பிள்ளை, அது தானே கொத்திக்கொண்டு வரும், தாய்க்கோழி குரல் கொடுத்துக்கொண்டு இருந்தால் போதும் என்று சொன்னேன். இரண்டு கையையும் மடிக்குள் பொத்திக்கொண்டு கூட்டு வாசலில் இருந்தாள். நேற்று ஒன்று பொரித்தது. தானா வந்திட்டுது மாமி என்றாள். பிறகு கிணற்றடிக்குப் போய் வாய்விட்டு அழுதாள். ஆடிக்குப் பிறகு அவள் சத்தம் வைத்து அழுது இப்போதுதான் கேட்கிறேன். மாக்கிறேற் ஓடிவந்தாள். நான் மறிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை.

மாக்கிறேற்தான் அவளிடம், பிள்ளைக்கு என்ன பேர் நினைச்சு வைச்சிருந்தனீ என்று கேட்டாள். எனக்கு இவ்வளவு நாளும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. ரூபி சொன்னாள். நல்ல பேர். அதை நான் இதில் எழுதமாட்டேன். நீ அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்.

இப்போது நான் கேட்கப்போவதற்கு மறுப்புச் சொல்லாதே. அன்றைக்கு நீ படம் வேண்டும் என்று கேட்டதால், புதைப்பதற்கு முன் சித்தப்பா பிள்ளையைப் போனில் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுத் தன் போனில் இருந்ததை அழித்துவிட்டாராம். இனி அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. நீ அதை அழிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரவில் படுக்கைக்குள் போனை வெளிச்சமாக வைத்துக்கொண்டு கிடக்கிறான் அம்மா, ஒருத்தரோடும் கதைக்கிறான் இல்லை என்று ஜெயரூபன் சொன்னான். நீ எதைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய் என்று எனக்கு விளங்காதா? நான் உன்னைப் பெற்றவள்.

தனியாகப் பார்த்தது போதும். அவளுக்கு அனுப்பு. சும்மா அனுப்பிவிட்டு ஓடாதே, வீடியோவில் வா, இரண்டு பேருமாகப் பாருங்கள். முடியை அவள் பார்க்கட்டும், மூக்கு யாருடையது என்று இரண்டு பேரும் சண்டை பிடியுங்கள். அழவேண்டும் என்றால் அழு. சிக்னல் இல்லை என்று மட்டும் வைத்துவிடாதே, ராசா. நான் மாக்கிறேற் வீட்டில் போய் இருப்பேன், எவ்வளவு நேரம் என்றாலும் திரும்பி வரமாட்டேன்.

பிறகு ரிக்கற்றைப் போடு. இனி வந்து என்ன செய்யிறது என்றாயே, வந்து அவளுக்குப் பக்கத்தில் இரு. அது போதும்.

நயினை அம்மாள் சந்நிதியில் இன்று காலை அருச்சனைக்குக் கொடுத்தேன். உன் பேர், ரூபியின் பேர், அதற்குப் பிறகு அவள் சொன்ன அந்தப் பேரையும் ஐயரிடம் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். அவர் மேலே ஒன்றும் கேட்காமல் மூன்று பேரையும் சொல்லிப் பூவைப் போட்டார்.

உங்கள் மூன்று பேருக்கும் என் ஆசீர்வாதம்.

உன் அம்மா